உதவி செய்யும் தகப்பன்

நீர் ஒரு தகப்பனானால், மேலே வாசிக்குமுன் சில கேள்விகளுக்கு மனத்துக்குள்ளேயே விடை சொல்லிப் பாரும். உம் கடைசிப் பிள்ளையின் எடை இன்று எத்தனை கிலோ? காய்ச்சல் கண்டால் அதற்கு எந்த மருந்து, எந்த அளவு கொடுப்பது வழக்கம்? எந்த மருந்து அதற்கு ஒத்துக்கொள்ளாது? பக்கத்தில் இருக்கும் மனைவியின் முகத்தைப் பார்க்கக் கூடாது.

விடை தெரிந்திருந்தால் நீர் என்னிலும் மேலானவர். எனக்குத் தெரியாதிருந்தது. தெரியாது என்பதும் தெரியாதிருந்தது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2019-ஆம் ஆண்டுப் பாராளுமன்றத் தேர்தலில் நம் மாநிலத்துக்குக் குறித்த வாக்குப்பதிவு நாள் ஏப்ரல் 18. அன்று பெரிய வியாழக்கிழமை. நம்மவர்களில் பலர் அதை மறந்திருக்க மாட்டார்கள். என் மனைவி பள்ளி ஆசிரியை. ஆகையால் தேர்தல் வேலைக்கு அழைப்பு வந்து, முந்தின நாள் புதன்கிழமையே வாக்குச்சாவடிக்குப் புறப்பட்டுப் போய்விட்டாள். இரவு அங்கேதான் தங்க வேண்டும். வீட்டில் நானும் எங்கள் நாலு வயது மகளும். இரவு பத்து மணிக்குக் குழந்தையின் உடம்பு அனலாய்க் கொதித்தது. பக்கத்து வீட்டு அம்மாளைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

பணியிலிருந்த டாக்டர் வயதில் சிறியவர். எடை என்ன என்றார். சுமார் என்று ஏதோ சொன்னேன். கடைசியாக மருந்து கொடுத்தது எப்போது என்றார். மருந்துப் புட்டி எங்கே இருக்கிறதென்றே எனக்குத் தெரியாததால் கொடுக்கவேயில்லை. பிறகு, "முன்பு எப்போதாவது காய்ச்சலில் ஜன்னி கண்டதுண்டா?" என்று கேட்டார். இதற்கு மட்டும் தயங்காமல், "இல்லை" என்றேன்.

"கண்டதே, தம்பி!" என்றார் பக்கத்து வீட்டு அம்மாள். "ஒன்றரை வயதில் கை கால் வெட்டி இழுத்ததே. நீங்கள் ஊரில் இல்லை. நானும் டீச்சரும்தானே தூக்கிக்கொண்டு ஓடினோம்?"

டாக்டர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. சீட்டில் எழுதியிருந்ததை அடித்துவிட்டு வேறு எழுதினார். ஆறு மாதத்துக்கும் ஐந்து வயதுக்கும் இடையில் சில குழந்தைகளுக்குக் காய்ச்சலில் வலிப்பு வருவதுண்டு என்றும், ஒருமுறை வந்த குழந்தைக்கு மறுபடி வரக்கூடும் என்றும், ஆகையால்தான் அதைக் கேட்டார் என்றும் பிற்பாடு தெரிந்துகொண்டேன். தேவ கிருபையால் அன்றிரவு அப்படி ஒன்றும் நேரவில்லை. விடியும்போது காய்ச்சல் இறங்கிற்று.

முதல் ஜன்னி கண்ட அன்று நான் வெளியூரில் தணிக்கை வேலையில் இருந்தேன். மனைவி தொலைபேசியில் எல்லாம் சொன்னாள். "இப்போது சரியாகிவிட்டதல்லவா? நல்லது" என்று சொல்லிவிட்டு மறுபடி கணக்கைப் பார்க்க உட்கார்ந்தேன். அந்தக் கணக்கில் எந்தப் பக்கத்தில் எத்தனை ரூபாய் தவறியிருந்தது என்பது இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. குழந்தைக்கு ஜன்னி கண்டது நினைவில்லை.

இத்தனைக்கும் என்னைக் கெட்ட தகப்பன் என்று எவரும் சொன்னதில்லை. ஞாயிறுதோறும் குழந்தையைக் குளிப்பாட்டுவேன். காலையில் ஸ்கூட்டரில் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவேன். காய்கறி வாங்கி வருவேன். "உங்கள் வீட்டுக்காரர் எவ்வளவு உதவி செய்கிறார்!" என்று மனைவியின் உறவினர் புகழ்வார்கள். எனக்கும் அது இனிப்பாகவே இருந்தது.

வாசகரே, அந்த 'உதவி' என்னும் சொல்லைச் சற்றே நிறுத்தி ஆராய்வோம். அயலான் கிணறு வெட்டும்போது நான் போய் மண் சுமந்தால் அது உதவி. கிணறு அவனுடையது, எத்தனை அடி தோண்டுவது, எப்போது நிறுத்துவது என்ற கவலையும் அவனுடையது. நான் நாலு கூடை சுமந்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வரலாம். ஆனால் என் சொந்தக் கிணற்றில் நான் மண் சுமந்தால் அதை எவரும் உதவி என்று சொல்வதில்லை. பிள்ளை விஷயத்தில் நாம் அந்தச் சொல்லை ஏற்றுக்கொண்டபோதே, கிணறு மனைவியுடையது என்று ஒப்புக்கொடுத்துவிட்டோம்.

"நீ சொல், நான் செய்கிறேன்" என்பது நம்மில் நல்ல கணவர்களின் வாக்கு. நானும் சொல்லி வந்தேன். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. செய்வது பாதி வேலை. செய்ய வேண்டும் என்று நினைவில் வைத்திருப்பது மறுபாதி. தடுப்பூசி எந்த மாதம், பள்ளியில் எந்தக் கிழமை வெள்ளைச் சட்டை, புது நன்மை வகுப்பு சனிக்கிழமை எத்தனை மணிக்கு, செருப்பு இறுகிவிட்டதா, குழந்தை நாலு நாளாய் ஏன் பேச்சைக் குறைத்துவிட்டாள் என்பவையெல்லாம் எப்போதும் ஒருவர் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பள்ளியிலிருந்து வாட்ஸப் குழுவில் செய்தி வருகிறதே, அந்தக் குழுவில் உம் வீட்டிலிருந்து யார் பெயர் இருக்கிறது? எங்கள் மகளின் வகுப்புக் குழுவில் நாற்பது பேர் இருந்தார்கள். ஆண்கள் மூன்று பேர். அவர்களில் ஒருவர் தாத்தா.

2019-ல் மத்திய அரசின் புள்ளியியல் துறை நாடு முழுவதும் மக்கள் ஒரு நாளைப் பொழுதை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று கணக்கெடுத்தது. கூலியில்லாத வீட்டு வேலை செய்யும் பெண் ஒரு நாளில் அதற்குச் செலவிடுவது 299 நிமிஷம். அவ்வேலையைச் செய்யும் ஆண் 97 நிமிஷம். அந்த 97-ஐக் கண்டு ஆறுதல் கொள்ள வேண்டாம். அப்படி ஏதாவது செய்கிற ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான். நினைவில் வைத்திருக்கும் வேலையை எந்தக் கடிகாரமும் அளப்பதில்லையாதலால் அது இக்கணக்கில் சேரவுமில்லை.

இங்கே ஒரு தகப்பன் எழுந்து நின்று கேட்பான்: "நான் காலை எட்டு மணிக்குப் போய் இரவு எட்டு மணிக்கு வருகிறேன். அதற்குப் பிறகும் தொலைபேசி விடுவதில்லை. இதெல்லாம் யாருக்காக? பிள்ளைகளுக்காகத்தானே? உழைத்துச் சம்பாதிப்பதே என் தகப்பன் கடமை அல்லவா?"

இதை இலேசாகத் தள்ளிவிட நான் துணிய மாட்டேன். பள்ளிக் கட்டணமும் வீட்டுக் கடனும் பிரசங்கத்தால் அடைபடுவதில்லை. குடும்பத்துக்காக உழைப்பது பரிசுத்தமான காரியமே. ஆனால் இந்த நியாயத்தை அதன் முடிவுவரை கொண்டுபோய்ப் பாரும். சம்பாதிப்பதால் பெற்றோர் கடமை தீர்ந்துபோகுமானால், சம்பாதிக்கும் தாய்க்கும் தீர்ந்துபோக வேண்டுமல்லவா? என் மனைவியும் மாதச் சம்பளம் வாங்குகிறாள். அவளும் காலையில் போய் மாலையில் வருகிறாள். நாற்பது விடைத்தாளைக் கட்டிக்கொண்டு வருகிறாள். அவள் குழந்தையின் மருந்தை மறந்துவிட்டு, "நான்தான் சம்பாதிக்கிறேனே" என்று சொன்னால் ஊர் என்ன சொல்லும்? தாய்க்குச் செல்லாத சாக்கு தகப்பனுக்கு மட்டும் எப்படிச் செல்லும்? இந்தக் கேள்விக்கு நான் வெகுநாள் விடை தேடினேன். அகப்படவில்லை.

திருச்சபையின் சட்டமும் அந்தச் சாக்கை ஏற்பதாகக் காணோம். 1983-ல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1135-ஆம் சட்டம், இல்லற வாழ்வைச் சேர்ந்த காரியங்களில் கணவனுக்கும் மனைவிக்கும் சமமான கடமையும் சமமான உரிமையும் உண்டென்கிறது. அடுத்த சட்டம் பிள்ளைகளின் உடல் வளர்ப்பையும் ஞான வளர்ப்பையும் பெற்றோர் இருவர் மேலும் மிகக் கனமான கடமையாகச் சுமத்துகிறது. உடலைத் தாய்க்கும் கட்டணத்தைத் தகப்பனுக்கும் என்று அது பங்கு பிரிக்கவில்லை.

நாட்டுச் சட்டம் அந்தத் தெளிவுக்கு இன்னும் வந்து சேரவில்லை. 2017-ல் பேறுகால விடுப்பைப் பன்னிரண்டு வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தினார்கள். மெத்த நல்ல காரியம். தகப்பனுக்கோ, மத்திய அரசு ஊழியனானால், பதினைந்து நாள். தனியார் கம்பெனியில் வேலை செய்தால் முதலாளி மனம் வைத்தது. இன்னொன்றும் சொல்கிறேன். மத்திய அரசில் பிள்ளைகளைப் பராமரிக்கப் பெண் ஊழியர்களுக்குப் பணிக்காலம் முழுவதற்குமாக 730 நாள் விடுப்பு உண்டு. 2018 டிசம்பரில் இதை ஆண்களுக்கும் நீட்டினார்கள். எந்த ஆண்களுக்கு? மனைவியை இழந்தவர், மணமுறிவு பெற்றவர், மணமாகாத தகப்பன் ஆகியோருக்கு. அதாவது, மனைவி உயிரோடு கூட இருக்கும்வரை பிள்ளை வளர்ப்பு உன் வேலையல்ல என்று அந்த விதி சொல்லாமல் சொல்லுகிறது. சட்டம் எழுதினவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. நம் வீடுகளில் இருந்ததைத்தான் அவர்கள் எழுதினார்கள்.

சுவீடன் தேசத்தின் அனுபவம் இங்கே கவனிக்கத்தக்கது. 1974-லேயே அங்கே குழந்தை விடுப்பைத் தாயும் தகப்பனும் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளலாம் என்று சட்டம் செய்தார்கள். பெரும்பாலான தகப்பன்மார் தங்கள் பங்கையும் மனைவிக்கே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பிறகு 1995-ல் ஒரு மாதத்தைத் தகப்பனுக்கென்றே ஒதுக்கி, அவன் எடுக்காவிட்டால் அது வீணாய்ப் போகும் என்றார்கள். அதன்பின் விடுப்பு எடுக்கும் தகப்பன்மார் வெகுவாய்ப் பெருகினார்கள். முன்பு மட்டும் அவர்கள் பிள்ளைமேல் பிரியமில்லாதிருந்தார்களா? இல்லை. "யாராவது ஒருவர் செய்யலாம்" என்று விட்டதெல்லாம் தாயின் மடியில் போய் விழுகிறது. "இது உன்னுடையது" என்று குறித்துக் கொடுத்ததே தகப்பன் கையில் நிற்கிறது. வீட்டுக்குள்ளும் அப்படியே.

ஆனால் சமம் என்றால் மணிக்கு மணி, நாளுக்கு நாள் தராசில் நிறுப்பதா? அப்படி நான் எண்ணவில்லை. கப்பலில் வேலை செய்பவன் உண்டு. வளைகுடா நாட்டில் உழைப்பவன் உண்டு. லாரி ஓட்டுபவன் உண்டு. நம் பங்கிலேயே இப்படிப்பட்ட தகப்பன்மார் எத்தனை பேர்! அவர்களை எல்லாம் அரைத் தகப்பன் என்று சொல்ல எவனுக்கு நாக்குத் துணியும்? குவைத்தில் இருக்கும் ஒருவரை அறிவேன். மகனுக்குக் கணக்குப் பரீட்சை என்றைக்கு, எந்தப் பாடம் பிடிபடவில்லை, எந்தப் பையனோடு சண்டை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். பள்ளிக் கடிதங்களுக்குப் பதில் எழுதுவது அங்கிருந்தே அவர் வேலை. மனைவி அதில் தலையிடுவதில்லை. நான் அதே கூரையின் கீழ் படுத்து உறங்கினேன். எனக்கு ஒன்றும் தெரியாது. ஆகையால் இதைக் கடிகாரத்தால் அளப்பதைவிட, "பிள்ளை விஷயத்தில் இன்ன இன்ன காரியத்துக்குக் கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியவன் நான்" என்று எத்தனை காரியங்களை எடுத்துக்கொண்டோம் என்று பார்ப்பதே நியாயம். (தூரத்தில் இருப்பவருக்குச் சொன்ன இந்தச் சலுகையை, வீட்டில் நாற்காலியில் சாய்ந்திருப்பவர் தமக்கென்று எடுத்துக்கொள்ளலாகாது.)

அர்ச். சூசையப்பரை நாம் தொழிலாளிகளின் பாதுகாவலராக வணங்குகிறோம். பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1955-ல் மே முதல் தேதியை அதற்கென்றே ஏற்படுத்தினார். உளியும் கையுமாகவே அவருடைய படத்தைப் பார்த்துப் பழகிவிட்டோம். ஆனால் சுவிசேஷத்தில் அவர் தச்சு வேலை செய்வதாக ஒரு காட்சிகூட இல்லை. காணப்படுகிற இடங்கள் பலவற்றில் குழந்தையோடு இருக்கிறார்: எஜிப்துக்கு இராத்திரியில் எழுந்து ஓடுகிறார், தேவாலயத்தில் குழந்தையைக் காணிக்கையாக்கப் போகிறார். பன்னிரண்டு வயதில் திவ்விய பாலன் காணாமற்போனபோது, ஒரு நாள் பயணம் வந்தபின் இருவரும் ஜெருசலேமுக்குத் திரும்பித் தேடினார்கள். "நீ போய்த் தேடு, எனக்கு நாசரேத்தில் வேலை கிடக்கிறது" என்று அவர் சொல்லியிருக்கலாம். பட்டறை பூட்டிக் கிடந்திருக்கும். வேலை கொடுத்தவர்கள் காத்திருந்திருப்பார்கள். மகனைக் கண்டபோது தேவமாதா தம்முடைய துக்கத்தை மட்டும் சொல்லாமல், தகப்பனுடைய துக்கத்தையும் சேர்த்தே சொல்லுகிறார்கள். அதைச் சொல்லும்படி அவர் நடந்துகொண்டிருந்தார் என்பதே எனக்குப் படுகிறது.

இனி, கஷ்டமான பகுதிக்கு வருகிறேன். இதுவரை சொன்னதற்கெல்லாம் ஒரு விலை உண்டு. அதை மறைத்து எழுதினால் நான் உம்மை ஏமாற்றினவனாவேன்.

2022-ல் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் எனக்கு உயர்வு வந்தது. சென்னைக்குப் போக வேண்டும். அந்த இடத்துக்காகப் பதினாறு வருஷம் உழைத்திருக்கிறேன். முன்பானால் வீட்டுக்கு வந்து மிட்டாய்ப் பெட்டியை நீட்டிச் செய்தி சொல்லியிருப்பேன். மனைவி பின்னால் அழுதுகொண்டாவது ஒத்துக்கொண்டிருப்பாள். இம்முறை, சொல்லாமல் மூன்று நாள் வைத்திருந்து, பிறகு உட்கார்ந்து பேசினோம். அவள் வேலையைச் சென்னைக்கு மாற்ற வழியில்லை. நான் மட்டும் போனால் வாரத்துக்கு ஒருநாள் தகப்பன். அவளே, "போங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றாள். அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு அந்தப் புதன்கிழமை இரவு ஞாபகம் வந்தது. அவள் பார்த்துக்கொள்வாள் என்பதில் சந்தேகமில்லை, அதுதானே வியாதி!

நான் போகவில்லை. எனக்குக் கீழே இருந்தவர் போனார். இப்போது அவர் எனக்கு மேலதிகாரி. நல்ல மனிதர். ஆனாலும் அவர் கையெழுத்தோடு வரும் கடிதத்தைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே ஏதோ உறுத்துகிறது. சம்பள வித்தியாசம் மாதாமாதம் தெரிகிறது. தியாகம் செய்தேன், மனம் நிறைந்தது என்று எழுதினால் பொய். இதை எல்லாரும் செய்ய வேண்டுமென்றும் சொல்லமாட்டேன். கடன் தலைக்கு மேல் இருக்கிற குடும்பத்தில் இதே கேள்விக்கு வேறு விடைதான் நேர்மையான விடையாயிருக்கும். அப்போது போகட்டும். போவதைத் தகப்பன் தனியே தீர்மானித்துவிட்டு வீட்டுக்கு அறிவிப்பது வேறு. இருவர் உத்தியோகத்தையும் ஒரே பலகையில் வைத்து, இருவரும் நஷ்டத்தைக் கண்ணால் பார்த்துத் தீர்மானிப்பது வேறு.

மறு வருஷம் அவளுக்குத் தலைமையாசிரியை உயர்வு வந்தது; அதே நிர்வாகத்தின் வேறு பள்ளி, பேருந்தில் ஒன்றேகால் மணி நேரம். இம்முறை தராசு அவள் பக்கம் சாய்ந்தது. காலை ஆறரைக்கே அவள் புறப்பட வேண்டும். ஆகவே விடியற்காலை முழுவதும் என்னுடையதாயிற்று: எழுப்புவது, இட்லி, சாப்பாட்டு டப்பா, தலை பின்னுவது, காணாமற்போன ஒற்றைக் காலுறை. அலுவலகத்துக்கு ஒன்பதரைக்கு முன் வர இயலாது என்று எழுதிக் கொடுத்தேன். "வீட்டில் பெண்கள் இல்லையா?" என்று ஒருவர் கேட்டார். இருக்கிறார்கள், வேலைக்குப் போகிறார்கள் என்றேன்.

தாய்மாரே, உங்களுக்கும் ஒரு சொல். நான் பின்னின முதல் சடை பள்ளிக்குப் போகுமுன்னே அவிழ்ந்துவிட்டது. என் மனைவி வெகு பிரயாசைப்பட்டு வாயை மூடிக்கொண்டிருந்தாள். அது பெரிய உபகாரம். பல வீடுகளில் தகப்பன் ஒரு காரியத்தை எடுத்தவுடன், "உங்களுக்குத் தெரியாது, கொடுங்கள்" என்று பிடுங்கிக்கொள்கிறீர்கள். பிறகு அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று வருந்துகிறீர்கள். மாமியார்மார் வேறு, ஆண்பிள்ளை அடுப்படியில் நிற்பதைக் கண்டு கண்ணீர் விடுகிறார்கள். என் தாயாரும் விட்டார்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு என் சாம்பாரில் உப்பு குறைவு என்று சொல்லுமளவுக்குத் தேறிவிட்டார்கள்.

இப்போது எங்கள் சமையலறைச் சுவரில் ஒரு காலண்டர் தொங்குகிறது. ஒவ்வொரு காரியத்துக்கும் எதிரே யார் பொறுப்பு என்று பெயர் எழுதுவோம். மருந்து, தடுப்பூசி, டாக்டர் சீட்டு எல்லாம் என் பெயரில். அவற்றை எழுதிவைத்த நோட்டும் என் அலமாரியில். மார்ச் மாதம்தான் எங்களுக்குச் சோதனைக் காலம். என் கம்பெனியில் ஆண்டுக் கணக்கு முடிப்பு, அவள் பள்ளியில் பரீட்சை, மகளுக்கும் பரீட்சை, இதற்கிடையில் தபசு காலம். வருகிற மார்ச் மாதத்துக்கு நேற்று இரவு இருவரும் உட்கார்ந்து பெயர் எழுதினோம். கடைசி வாரத்தில் இரண்டு மாலைகளுக்கு எதிரே இன்னும் யார் பெயரும் எழுதவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். நாளைக்குப் பேசலாம் என்று பென்சிலை அங்கேயே செருகிவைத்தோம்.